ஹரோவில் எப்போதும் வெயில்

இந்த வருடம் எங்கள் வீடுகளில் தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயந்தோம். ஊரில் போர் முடிந்த சித்திரையிலும் வைகாசியிலும் அங்கிருந்து என்னென்ன செய்திகள் வந்தன என்பதை நான் இங்கே எழுதவேண்டியதில்லை; உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். ஆனால் காலை ஏழு மணிக்கு அடிக்கிற தொலைபேசிக்கு மட்டும் நான் பயப்பட்டதே இல்லை. அந்த நேரத்தில் என்னை அழைப்பவன் உலகத்தில் ஒருவன்தான். ஏழு வருடமாக, காய்ச்சலோ கலியாண வீடோ, ஏழு மணியானால் சபாநாதன் எனக்கு அழைப்பு எடுப்பான். "மச்சான், அங்கை என்ன மாதிரி?" என்று கேட்பான். இந்த ஐப்பசியில் ஒருநாளும் அப்படித்தான் அடித்தது. கேள்வி வருவதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிட்டேன்.

"சரியான வெயிலடாப்பா. கண் கூசுது."

மறுமுனையில் அவன் மனைவி ராணியின் குரல் வந்தது.

"அண்ணை, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்."

முதல்நாள் பின்னேரம் தோட்டத்தில், ஆப்பிள் மரத்துக்குக் கீழே, கதிரையில் இருந்திருக்கிறான். ராணி தேநீர் கொண்டு போயிருக்கிறாள். நித்திரை என்று நினைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவ்வளவுதான். "ராவு எடுக்க மனம் வரேல்லை அண்ணை. ஏழு மணி வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தன். ஏழுக்கு அடிச்சால் நீங்கள்தான் எடுப்பியள் எண்டு தெரியும்" என்றாள்.

சபாவை அறிந்தவர்களே, உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பொறாமை. எழுபத்தொரு வயது, ஆப்பிள் மரம், மாலை வெயில், பக்கத்தில் சூடான தேநீர், கண்ணை மூடியதும் காரியம் முடிந்தது. எங்கள் சனத்துக்கு இப்படி ஒரு சாவு அகப்படாத ஆண்டில் அவன் ஒருவன் அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். எல்லாவற்றிலும் நல்லதை அவன்தான் எடுப்பான். சாவையும் விடவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவளும் ராணிதான். "ஒரு பக்கம் போதும் அண்ணை. உள்ளதை எழுதுங்கோ. கூட்டிக் கீட்டி எழுதாதேங்கோ" என்றாள். நானா கூட்டி எழுதுகிறவன்? பிறந்த நாள் முதல் இன்றுவரை நான் எதையும் மிகைப்படுத்தியதில்லை என்பதற்குக் குறைந்தது மூன்று கோடிப் பேர் சாட்சி சொல்வார்கள். என்றாலும் அவள் கேட்டதற்காக ஒரு பொய்யை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவள் செய்தி சொன்ன அந்தக் காலை, நான் இருக்கிற லண்டன் ஹரோவில் வெயில் இல்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அதற்கு முதல்நாளும் மழைதான். ஏழு வருடமாக நான் அவனுக்குச் சொன்ன காலநிலையில் முக்கால்வாசி என் சொந்தத் தயாரிப்பு. அதை அவன் நம்பினானா, அல்லது நான் ஒரு பொய்யன் என்று தெரிந்தபடியே போய்ச் சேர்ந்தானா என்ற கேள்விதான் அன்று முதல் என் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

எங்கள் பகை பழையது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அவன் அக்கோடியன், நான் பொங்கோ. நான் பொங்கோ அடித்தால் மூன்று ஊர்களுக்கு அப்பால் மாடுகள் கூடுதலாகப் பால் கறந்தன. இது எழுதப்படாத சரித்திரம். ஒரு திருவிழாவில் எங்கள் கச்சேரி நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பாடகர் ஓடினார், வயலின் ஓடியது, ஒலிபெருக்கிக்காரன் வயரைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். சபா அசையவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தபடியே இருந்தான். நான் ஒரு குடையை எடுத்து அவன் பெட்டிக்கு மேலே பிடித்தேன். ஒரு கையில் குடை, மறு கையால் அவன் கதிரையின் முதுகில் தாளம். ஓடிய சனம் திரும்பி வந்து நனைந்துகொண்டே கேட்டது. மறுநாள் சந்தையில், வாசிகசாலையில், முடிவெட்டும் கடையில் ஒரே பேச்சு: மழைக்குள் அக்கோடியன் வாசித்த சபாநாதன். குடை பிடித்தவனைப் பற்றி ஒரு நாய்கூடப் பேசவில்லை.

அதை அவனே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "அண்டைக்கு நனைஞ்சது நீ, நனையாதது பெட்டி, பேர் எடுத்தது நான். உலகம் அப்பிடித்தான் மச்சான்."

லண்டனுக்கு வந்தும் விதி எங்களைப் பிரிக்கவில்லை. ஹரோவில் ஒரே தெரு, நாலு வீடு தள்ளி. நான் கவுன்சில் அலுவலகத்தில் கடிதம் எழுதும் உத்தியோகம் பார்த்தேன். அவன் பாதாள ரயில் ஓட்டினான். ஓய்வு பெற்ற அன்றைக்கே வீட்டை விற்கப்போகிறேன் என்றான். எங்கே போகிறாய் என்றால், இரண்டு மணித்தியாலம் ரயிலில் போய், பிறகு ஒரு பஸ் பிடித்துப் போகவேண்டிய ஒரு ஆங்கிலக் கிராமம். அதன் பெயரை எழுதுவது ஒரு விதம், சொல்வது இன்னொரு விதம். ஆகவே நான் இரண்டையும் செய்யப்போவதில்லை. தெருவே கூடிப் புத்தி சொன்னது.

"அங்கை கறித்தூளுக்கு என்ன செய்வாய்?"

"மாசத்துக்கு ஒருக்கால் வந்து அள்ளிக்கொண்டு போறன்."

"கதைக்க ஆள்?"

"ராணி இருக்கிறாள். காணாதெண்டால் உனக்குப் போன் எடுக்கிறன்."

"செத்தால் தூக்க நாலு பேர் வரமாட்டாங்களடா" என்றேன் நான். இதைவிட நல்ல ஆயுதம் என் கையில் இருக்கவில்லை.

அதற்கு அவன் சிரிக்காமல் பதில் சொன்னான். "முப்பது வருசம் நிலத்துக்குக் கீழை ரயில் ஓட்டினனான். இறங்கேக்கை மழை எண்டால் ஏறேக்கை வெயில். நடுவிலை என்ன நடந்தது எண்டு ஒருநாளும் எனக்குத் தெரியாது. இனி மிச்ச வானத்தை முழுக்கப் பாக்கப்போறன்."

போய்ச் சேர்ந்த கையோடு தோட்டத்தில் மழையை அளக்கிற ஒரு கண்ணாடிக் குழாயை நட்டான். காலை ஏழு மணிக்கு அதைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுவான். எழுதியதும் எனக்கு எடுப்பான்.

ஏழு வருடத்தில் நான் அந்தக் கிராமத்துக்குப் போனது ஒரே ஒரு தடவை, அவன் குடிபோன முதல் வருடம். என் பொறாமைக்கு அதற்குமேல் தாங்கும் சக்தி இல்லை. பஸ்ஸால் இறங்கிய இடத்திலிருந்து அவன் வீட்டுக்கு நூறு அடி. அதை நடக்க எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. தபால்காரன் நின்று கதைத்தான். ஒரு மனிசி வேலிக்கு மேலால் ஆறு முட்டை நீட்டினாள். நாய்கள் அவனைப் பார்த்து வாலாட்டின. என்னைப் பார்த்துக் குரைத்தன. தோட்டத்தில் தக்காளி ஒவ்வொன்றும் குழந்தைப்பிள்ளையின் தலை அளவு. மழைகூட அங்கே மரியாதையாகப் பெய்தது. எங்கள் ஹரோ மழை பஸ் புகையோடு சேர்ந்து காதுக்குள் அடிக்கிற மழை. அவனுடைய மழையோ கதவைத் தட்டி, உத்தரவு கேட்டு, ரோசாவில் மட்டும் விழுகிற மழை. ஹரோவில் நாற்பது வருடம் குடியிருக்கிற எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் தலையாட்டுவதே வருடப்பிறப்புக்கு ஒருமுறைதான்.

அந்த ஊர்த் தேவாலயத்தின் மணிக்கூண்டில் ஆறு மணிகள். ஆறு பேர் வட்டமாக நின்று, ஆளுக்கொரு கயிறு பிடித்து, முறை மாற்றி முறை மாற்றி அடிப்பார்கள். அந்தக் குழுவில் எங்கள் சபா ஐந்தாம் மணிக்காரன். நெற்றியில் திருநீறோடு போய் நின்று அடிப்பான். "இதென்னடா?" என்று கேட்டேன். "எந்தக் கோயிலிலை அடிச்சாலும் மணி மணிதான். இது முழுக்கத் தாளக் கணக்கு மச்சான். உன்ரை இடம் வருமட்டும் பொறுக்கவேணும், வந்தால் விடக்கூடாது" என்றான்.

தாளக் கணக்கு என்றால் அது என் ராச்சியம் அல்லவா? எனக்கும் ஒரு கயிறு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். குழுத் தலைவி மார்கரெட், ஓய்வுபெற்ற ஆசிரியை, உடம்பு மெலிவு, குரல் இடி. இழுங்கள், இழுத்ததும் கையைத் தளரவிடுங்கள் என்று மூன்று தரம் சொன்னாள். நான் நூறு திருவிழாவில் கோயில் மணி இழுத்தவன். எங்கள் ஊரில் கயிற்றை ஒருவன் பிடித்தால் பூசை முடியும்வரை விடமாட்டான். விட்டால் பக்தியில் குறை என்று அர்த்தம். இழுத்தேன். விடவில்லை. மேலே ஒரு யானை அளவு வெண்கலம் குத்துக்கரணம் அடித்தது. கயிறு என்னையும் கூட்டிக்கொண்டு மேலே போனது. அந்த உயரத்திலிருந்து நான் பிரான்ஸ் தேசத்தின் கரையைத் தெளிவாகக் கண்டேன். என் ஒரு சப்பாத்து மட்டும் கீழேயே நின்றுவிட்டது. "விடுங்கள்!" என்று மார்கரெட் கத்தினாள். "விடடா, மடையா! இது எங்கடை கோயிலில்லை!" என்று சபா கத்தினான். விட்டேன். நிலத்தில் இறங்கிய பாகத்தில் மூன்று நாள் உட்கார முடியவில்லை.

அடுத்த காலை ஹரோவில் இருந்தேன். ஏழு மணிக்கு அடித்தது. "இங்கை நல்ல வெயில் மச்சான், ஆப்பிள் காய்ச்சுத் தொங்குது. அங்கை என்ன மாதிரி?" யன்னலால் பார்த்தேன். பழைய சட்டி கழுவிய தண்ணீரின் நிறத்தில் வானம். உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்த எனக்கு வாயில் உண்மை வரவில்லை.

"இங்கையும் வெயில்தான். உன்ரையைவிடக் கொஞ்சம் கூட."

"சரி மச்சான், எழுதிப்போட்டன்" என்றான்.

ஒருநாள் சொன்னதை மறுநாள் குறைக்க முடியுமா? கூட்டத்தான் முடியும். தார் உருகுது என்றேன். மனிசி கராஜ் கூரையில் வடகம் காயவிட்டிருக்கிறாள் என்றேன். நரி ஒன்று வந்து எங்கள் கார் நிழலில் படுத்து இளைக்கிறது என்றேன். என் மனைவி சமைத்தபடியே குசினியிலிருந்து, "இப்பிடிப் புழுகினால் ஒருநாளைக்கு இடி விழும்" என்பாள். "விழட்டும், அதையும் வெயில் எண்டு சொல்லுறன்" என்பேன். எதைச் சொன்னாலும் அவன் பதில் ஒன்றுதான்: "சரி மச்சான், எழுதிப்போட்டன்." எங்கே எழுதினான் என்று நான் கேட்டதில்லை.

இந்த மாசியில் லண்டன் முழுவதும் பனி கொட்டிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் வாசல் கதவு திறபடவில்லை. ஏழு மணிக்கு அவன் எடுத்தான்.

"இங்கை ஒரு பொட்டுப் பனியில்லை" என்றேன்.

"டிவியிலை லண்டன் வெள்ளைச்சீலை போத்தினமாதிரிக் கிடக்கு."

"அது மற்ற லண்டனடா. ஹரோ மேட்டிலை இருக்கு. வெயிலுக்குக் கிட்ட."

"ஓம், அதுவும் சரிதான். எழுதிப்போட்டன்."

அவன் செத்த அன்று காலை பேசியதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பின்புறக் கூடத்துக்குத் தகரம்போல ஒரு பிளாஸ்டிக் கூரை. அதில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. வெயில் என்று சொன்னேன். அவன் ஏழு வருடத்தில் முதல் தடவையாக நேராகவே கேட்டான்.

"உண்மையா மச்சான்?"

"சத்தியமா."

"பின்னாலை ஏதோ சத்தம் கேக்குது."

"அது மனிசி அப்பளம் பொரிக்கிறா."

"காலமை ஏழு மணிக்கோ?"

"வெயில் காலத்திலை எங்கடை வீட்டிலை அப்பிடித்தான்."

அவன் சிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "சரி மச்சான், எழுதிப்போட்டன்" என்றான். அதுதான் கடைசி வார்த்தை. என்னுடைய கடைசி வார்த்தை ஒரு பொய்ச் சத்தியமும் அப்பளமும்.

செத்தவீட்டுக்குப் போனோம். தூக்க நாலு பேர் வரமாட்டார்கள் என்று நான் சொன்ன ஊரில், அவனைத் தூக்க நின்றவர்களின் வரிசை பஸ் தரிப்புவரை போனது. பக்கத்து நகரத்தில் தேவாரம் பாடி எரித்துவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பியபோது மணிக்கூண்டில் மணி அடிக்கத் தொடங்கினார்கள். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சாவென்றால் மணி நாக்கின் ஒரு பக்கத்துக்குத் தோல் கட்டுவார்கள். ஒரு தரம் உரத்துக் கேட்கும். மறு தரம் அதே வரிசை தூரத்தில் யாரோ அடிப்பதுபோல மெல்லக் கேட்கும். நான் செத்தால் ஹரோவில் பக்கத்து வீட்டுக் காரின் அலாரம் அடிக்கும். அதுவும் தற்செயலாக.

பிறகுதான் கவனித்தேன். ஐந்து மணிகள்தான் அடித்தன. ஐந்தாம் கயிற்றை ஒருவரும் தொடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, வெறுமை, ஆறு. ஒவ்வொரு சுற்றிலும் அவன் இடம் வரும். அங்கே காற்று மட்டும் இருக்கும். தாளம் பிடித்த கை சும்மா இருக்குமா? நான் உட்கார்ந்திருந்த வாங்கின் விளிம்பில், அந்த வெறுமை வருகிற ஒவ்வொரு தடவையும், என் விரல் தட்டியது. குடை பிடித்துக்கொண்டு தட்டிய அதே கை. எவ்வளவு நேரம் தட்டினேன் என்று தெரியாது. ராணி என் கையைப் பிடித்த பிறகுதான் மணி நின்றுவிட்டது தெரிந்தது.

தேநீருக்கு ஊர் மண்டபத்துக்குப் போனோம். வாசலில் ஒரு வயோதிபர் என்னை மறித்தார். "ஹரோவிலிருந்து வந்தவர் நீங்களா?" ஆம் என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கி, உள்ளே பார்த்து "ஹரோக்காரர் வந்துவிட்டார்!" என்று சத்தமாகச் சொன்னார். அடுத்த நிமிடம் என் முன்னால் ஒரு வரிசை. இரண்டாம் கலியாணம் செய்தவனுக்குக்கூட அப்படிக் கைலாகு கிடைத்திராது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மார்கரெட்தான் என்னைச் சுவரிலிருந்த பலகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சபா தினமும் காலையில் வந்து காலநிலை எழுதிய பலகை. இரண்டு நிரைகள். ஒன்றில் அந்த ஊரின் பெயர். மற்றதில் ஹரோ. அவன் செத்த நாளோடு பலகை நின்றிருந்தது. அவனுடைய ஊருக்கு நேரே: காலை மேகம், பின்னேரம் வெயில் வரும். ஹரோவுக்கு நேரே: கடும் வெயில்.

"முதல் மூன்று வருடம் நாங்கள் நம்பினோம்" என்றாள் மார்கரெட். "எனக்கு உங்கள்மேல் சரியான பொறாமை. வீட்டை விற்றுவிட்டு ஹரோவுக்குப் போவோமா என்று என் கணவரிடம் கேட்டேன். பிறகு சந்தேகம் வந்தது. பனி கொட்டிய அன்று ஊர் முழுவதும் முழங்கால்வரை பனிக்குள் நடந்து இந்தப் பலகையைப் பார்க்க வந்தோம், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று. ஹரோ: வெயில், மேடான இடம் என்று எழுதியிருந்தார். அன்று இந்த மண்டபம் சிரித்ததுபோல் ஒருநாளும் சிரித்ததில்லை."

நான் ஏழு வருடம் பொறாமைப்பட்ட ஊர், ஏழு வருடம் காலையில் முதல் வேலையாக என் பக்கத்தைப் பார்த்திருக்கிறது. சபாவோ அதைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. மழைக்குள் வாசித்த கதையில் இந்தத் தடவை பேர் எடுத்தது நான்; குடை அவன் கையில் இருந்திருக்கிறது.

புறப்படும்போது ராணி அவன் கொப்பியைத் தந்தாள். தமிழில் எழுதியிருந்தான். நான் பொய் சொன்ன முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பக்கத்திலும்: டிவி: ஹரோவில் மழை. மச்சான்: வெயில். டிவி: ஹரோவில் புயல் காற்று. மச்சான்: நரி இளைக்கிறது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, பலகைக்குப் போகும்போது என் வரியை மட்டும் கொண்டு போயிருக்கிறான். கடைசிப் பக்கத்தில் டிவி என்ற சொல்லே இல்லை. மச்சான்: வெயில். அப்பளம். அவ்வளவுதான்.

இப்போது ஏழு மணிக்கு மார்கரெட் எடுக்கிறாள். பலகையின் ஒரு பக்கத்தை அவள் பார்த்துக்கொள்கிறாளாம். மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தால் ஊர் கோபிக்கிறதாம். நேற்று எங்கள் தெருவில் வெயில் தாங்காமல் தபால்பெட்டி நெளிந்துவிட்டது என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மழைக் குழாய் ஒன்றுதான். ராணியிடம் கேட்டு வாங்கி எங்கள் பின்வளவில் நட்டிருக்கிறேன். மார்கரெட் எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு போய்ப் பார்த்து, அவன் கொப்பியில் மிஞ்சியிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். அது பலகைக்குப் போகாது. அவனுக்கு மட்டும். நட்ட முதல் நாள் எழுதியது இது:

ஹரோ. பதினொரு மில்லிமீற்றர். அண்டைக்குக் கேட்டது அப்பளமில்லை மச்சான், மழை.